பயந்த பறவையை வரையாதீர்கள்

தத்ரூபம் என்று பாராட்டுப் பெறும் பறவை ஓவியங்கள் பலவற்றில் என் கண்ணில் முதலில் படுவது பறவையின் பயம். கழுத்து நேராக நீண்டிருக்கும். இறகுகள் உடலோடு ஒட்டி இறுகியிருக்கும். எழும்புவதற்கு வாகாகக் கால்கள் சற்றே மடங்கியிருக்கும். ஒவ்வோர் இறகின் நரம்பையும் எண்ணிவிடலாம், அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் அந்தப் பறவை அடுத்த நொடி அங்கே இருக்காது. ஓவியர் பார்த்து வரைந்தது ஒரு புகைப்படத்தை. அதை எடுத்தவர் பறவையை நெருங்கிப் போயிருக்கிறார், பறவையும் அவரைப் பார்த்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் நின்ற அச்சம் தாளுக்கு அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

நான் பேனர் வரைந்து பிழைத்தவன். பிளெக்ஸ் வருவதற்கு முந்திய காலத்தில் ஒரு முகத்தை இருபது அடி உயரத்துக்கு வரைவோம். சாரத்தில் உட்கார்ந்து மூக்கின் ஓரத்தைத் தீட்டுகிறவனுக்கு முழு முகம் தெரியாது. கட்டம் போட்ட சிறிய படம் கையில் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டியதுதான். அந்தத் தொழில் எனக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு மயிரிழை தெரியாது, வெளிச்சமும் நிழலும் விழுந்த பெரிய பரப்புகள்தான் தெரியும் என்ற அறிவு ஒன்று. எந்தப் புகைப்படத்தையும் பிசகாமல் பெயர்த்துவிடும் கை இன்னொன்று. பறவை வரைய வந்தபோது முதலாவது சொத்தாக இருந்தது, இரண்டாவது இடைஞ்சலாக இருந்தது.

எனக்கு மதுராந்தகம் பக்கம் என்பதால் வேடந்தாங்கல் பஸ் தூரம்தான். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. பறவைகளை யாரும் சுடாமலும் கலைக்காமலும் அந்த ஊர்க்காரர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்திருக்கிறார்கள்; பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓவியனுக்கு அங்கே கிடைக்கும் வசதி வேறு: அது பறவைகள் கூடு கட்டும் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து, தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, வெயில் ஏறும்வரை இருக்கும். ஒரே நாரை, ஒரே கிளை, ஒரே கூடு, வாரக்கணக்கில். காட்டில் ஒரு பறவையைத் துரத்திக்கொண்டு திரிபவருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்காது. கரையில் நிற்கும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய பறவைகள் வேறு. நடுவில் தண்ணீர் இருக்கிறது, யாரும் நெருங்க முடியாது. அதனால் அவை நம்மைச் சட்டை செய்வதில்லை.

சட்டை செய்யாத பறவைதான் வேண்டும். இறகுகளை இறுக்குவதும் தளர்த்துவதும் பறவையின் கையில் இருக்கிறது. பயந்தால் இறுக்கி ஒல்லியாகும். குளிர்ந்தால் உப்பி உருண்டையாகும். நிம்மதியாக இருக்கும்போது வயிற்று இறகுகள் தளர்ந்து காலின் மேல்பகுதியை மூடிக்கொள்ளும், கழுத்து தோளுக்குள் இறங்கும், பெரும்பாலும் ஒரு காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே பறவை கால் மணி நேரத்துக்குள் இரண்டு வெவ்வேறு பறவைகளைப்போலத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இறகு வரையப் பழகுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

ஆகவே ஏரிக்குப் போனதும் நான் நோட்டைத் திறப்பதில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பறவைகள் இறகு கோதத் தொடங்கும்வரை சும்மா இருப்பேன். நம்மை மறந்ததற்கு அதுதான் அடையாளம். பிறகு ஒரே பக்கத்தில் நாலைந்து கோட்டுருவங்களை ஒன்றாகத் தொடங்குவேன். பறவை அசைந்தால் அந்த உருவத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். பறவைகள் திரும்பத் திரும்ப ஒரே நிலைகளுக்கு வருபவை. இடப்பக்கம் கோதி முடித்து நிமிர்ந்த நாரை, சற்று நேரத்தில் மறுபடியும் அதே பக்கம் திரும்பும். அப்போது பழைய உருவத்தைத் தொடரலாம். எதுவும் முழுமையாக வராத பக்கங்கள்தான் பின்னால் அதிகம் உதவுகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் மணி, வெளிச்சம் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி, நிறத்தைப் பற்றிச் சொற்களில் இரண்டு குறிப்புகள் இருக்கும். 'வயிற்றின் அடியில் பச்சை ஏறிய சாம்பல்' என்று எழுதி வைத்தது, கைபேசியில் எடுத்த படத்தைவிட எனக்கு நம்பகமானது.

கருவி பற்றிக் கேட்பார்கள். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்புக் கண்ணாடி கொண்ட பைனாகுலர் போதும். ஆனால் அதைப் பிடிக்கக் கை வேண்டும், வரையவும் கை வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்தால் பார்த்ததில் பாதி வழியிலேயே போய்விடும். முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி கிடைத்தால் ஒரு கண் அதிலும் ஒரு கண் தாளிலுமாக வேலை நடக்கும். வசதி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வீட்டு மதில்சுவரில் வந்து உட்கார்கிற காகத்துக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

முதல் கோடு எது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அலகிலிருந்து தொடங்கி வால்வரை விளிம்பை இழுத்துக்கொண்டே போகிறவர்களின் பறவை எப்போதும் நீண்டுவிடுகிறது. நான் உடலின் சாய்வுக்கு ஒரு கோடு, அதன்மேல் ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு சிறிய வட்டம், பாதம் கிளையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி என்று போட்டுக்கொள்வேன். அந்தப் புள்ளி சரியாக விழுந்தாக வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல, பென்சிலை நேராகத் தொங்கவிட்டு, பறவையின் எடை இறங்கும் இடத்துக்கு நேர் கீழே பாதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் நாரைக்கு அந்தக் கால் உடலின் நடுவுக்கு வந்துவிடும். அப்படி வரையாவிட்டால், இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்றுதான் சொல்லத் தெரியாது. கிளைக்கும் இது பொருந்தும். கூழைக்கடா போன்ற கனத்த பறவை மெல்லிய நுனிக்கிளையில் இறங்கினால் கிளை வளையும். வளையாத கிளையில் உட்காரவைத்தால் அது அட்டைப் பறவைதான்.

எலும்பைக் கொஞ்சமாவது படிக்க வேண்டும். பறவையின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். நமக்குத் தெரிவது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இது தெரிந்தால்தான் நாரை உட்காரும்போது கால் எப்படி மடிகிறது என்பது விளங்கும். விரல்களையும் பாருங்கள். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நான்கு விரல்களையும் சேர்த்துத் தோல் இருக்கும், வாத்துக்கு முன்விரல்கள் மூன்றுக்கு மட்டும். மரங்கொத்திக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மீன்கொத்திக்கு முன்விரல்கள் பாதி ஒட்டியிருக்கும். காலைப் புல்லுக்குள் மறைத்துவிடும் ஓவியர்கள் இதிலிருந்து தப்பிக்கிறவர்கள்தான். பேனர் காலத்தில் கைவிரல் வரையத் தெரியாதவர்கள் கையைப் பைக்குள் விட்டு வரைவார்கள், அதே கதை.

கற்றுக்கொள்வதற்கு மடையானைவிட நல்ல பறவை இல்லை. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். வேடந்தாங்கலுக்குப் போக வேண்டாம்; குட்டை, வாய்க்கால், நாற்றங்கால் எங்கும் நிற்கும். நாம் மிக அருகில் போகும்வரை அசையாது. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குறுகி நிற்கும்போது அதற்குக் கழுத்தே இல்லை என்று தோன்றும். ஒரு தவளை நகர்ந்தால் உடல் நீளத்துக்குக் கழுத்து வெளியே வரும். அத்தனை நீளமும் எங்கே ஒளிந்திருந்தது? கொக்கின் கழுத்தெலும்புகள் நடுவில் மடிந்து, முன்கழுத்தில் ஒரு முடிச்சுப்போலத் தொங்கும். குறுகி நிற்கும் மடையானை வரையும்போது அந்த மடிப்பை உள்ளே மெல்லிய கோட்டால் போட்டுவிட்டு, அதன்மேல் இறகுகளைப் போர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் மார்பின் வீக்கம் தானாகச் சரியான இடத்தில் வரும். உட்கார்ந்திருக்கும்போது மண்ணும் காய்ந்த புல்லும் கலந்த நிறம். பறந்தால் வெள்ளைச் சிறகு. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். ஒரே பறவையில் மூன்று பாடங்கள்.

பறக்கும் படங்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்று. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். கொக்குக்கு நாரையின் கழுத்தைக் கொடுத்துத் தங்க முலாம் பூசிய சட்டத்தில் மாட்டியிருப்பதைப் பல வரவேற்பறைகளில் பார்த்திருக்கிறேன்.

சங்குவளை நாரைக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த மாதிரி அது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அந்த நிலையை வரையாமல் எந்தப் பருவத்தையும் நான் விட்டதில்லை. வால்பக்கம் தெரியும் இளஞ்சிவப்பு இறகுகளில்தான் எல்லோரும் மயங்குவார்கள். அதை அடக்கி, சாம்பல் கலந்து போட வேண்டும். மீறினால் காகிதப்பூ ஆகிவிடும். குஞ்சுகளுக்கு அந்தச் சிவப்பே கிடையாது, பழுப்புச் சாம்பல்தான். காலைப் பாருங்கள்: சிவந்த காலின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அதன் சொந்த எச்சம். வெயிலில் உடலைக் குளிர்விக்க நாரைகள் காலில் எச்சமிடும். மரத்தின் இலைகளும் அப்படியே சுண்ணாம்பு தெளித்தவைபோல வெளுத்திருக்கும். கூடு நிறைந்த மரத்துக்குப் பளபளக்கும் பச்சை தீட்டினால், அந்த ஓவியர் அங்கே போனதில்லை என்று வேடந்தாங்கல் சிறுவன்கூடச் சொல்லிவிடுவான். நத்தைகுத்தி நாரையின் அலகில் நடுவே இடைவெளி தெரியும் அல்லவா, அது வளர்ந்த பறவைக்கு மட்டும். குஞ்சின் அலகிலும் அதே இடைவெளியை வைத்துவிடாதீர்கள்.

நிறத்தில் மிகவும் கடினமானது வெள்ளை. கொக்கு வெள்ளை என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும், கண் சொல்வதைக் கேட்க விடாது. வயலில் நிற்கும் கொக்கின் வயிற்றடியில் நாற்றின் பச்சை ஏறியிருக்கும். நிழல்பக்கத்து முதுகில் வானத்தின் நீலம் இருக்கும். உண்மையான வெள்ளை, வெயில் நேராகப் படும் சிறு பரப்பில் மட்டும். நீர்வண்ணத்தில் அந்தப் பரப்பைத் தாளாகவே விட்டுவிடுவேன், பின்புலத்தை அழுத்தமாக்குவேன். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் இருட்டுதான். கேமரா இங்கே உதவாது. வெயிலில் நிற்கும் வெள்ளைப் பறவையின் நுணுக்கமெல்லாம் புகைப்படத்தில் வெளுத்துப் போய்விடும்.

நீலத்தின் கதை வேறு. மீன்கொத்தியின் முதுகிலும் பனங்காடையின் சிறகிலும் நீல நிறமி என்று எதுவும் இல்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. ஆகவே மேகமூட்டத்தில் ஒரு நீலம், வெயிலில் இன்னொரு நீலம், நிழலில் ஏறக்குறைய சாம்பல். டியூபிலிருந்து எடுத்த நீலத்தை அப்படியே அப்பினால் பிளாஸ்டிக் பொம்மை கிடைக்கும். நான் முதலில் வெளிச்ச நிழலைச் சாம்பலில் முடித்து, காய்ந்தபின் மெல்லிய நீலப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுப்பேன். சுற்றியுள்ள சேற்றையும் கிளையையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து மங்கவைத்தால் நீலம் தானாக எரியும். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கையில் பெரும்பாலும் பழுப்பாகத்தான் தெரியும். உச்சந்தலையிலும் சிறகோரத்திலும் அடிவயிற்றிலும்தான் நீலம். முழு நீலமும் சிறகு விரிந்தால்தான் வெளியே வரும்.

இறகுகளை எப்போது வரைவது? எல்லாம் முடிந்தபிறகு, கொஞ்சமாக. சிறகு மடங்கியிருக்கும்போது எந்த வரிசை எதன்மேல் படிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்: தோள் இறகுகள், அவற்றின்கீழ் சிறகை மூடும் சிற்றிறகுகள், கடைசியில் நீண்ட பறப்பிறகுகளின் நுனிகள். பார்வை நிற்கும் இடமான தலை, தோள் ஆகியவற்றில் மட்டும் இறகுகளைத் தனித்தனியாகக் காட்டுவேன். மற்ற இடங்களில் பரப்பாக விட்டுவிடுவேன். பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும் என்பது சாரத்தின்மேல் கற்றது.

கண்ணைக் கடைசியில் திறப்பது நம் மரபு. சிலைக்கும் அப்படி, பேனருக்கும் பலர் அப்படித்தான் செய்தார்கள். பறவைக்கு நான் கண்ணையே முதலில் முடிக்கிறேன். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு எவ்வளவு கீழே வருகிறது என்ற அளவு தவறினால் இனமே மாறிவிடும். பிறகு எதைத் திருத்தியும் பயனில்லை. கண்ணில் மின்னும் புள்ளி வெளிச்சம் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும், மேகமூட்டமான நாளில் அது கூர்மையாக இருக்கக் கூடாது. வளர்ந்த இராக்கொக்குக்குச் சிவந்த கண்.

நிறத்தைச் சரிபார்க்க அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பறவைகள் இருக்கின்றன. அளவுக்கும் சிறகின் அடுக்குக்கும் அவை நல்ல ஆசிரியர்கள். அலகு, கால், முகத்தோல் ஆகியவற்றின் நிறத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். பறவை இறந்ததும் அந்த நிறங்கள் மங்கிவிடும், பிறகு இருப்பது பெயின்ட். கண்ணும் கண்ணாடியால் செய்ததுதான். செத்துக் கிடக்கும் பறவையை வீட்டுக்கு எடுத்துவந்து பதப்படுத்தும் ஆசையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு எலிசபெத் க்வில்லிம் நினைவுக்கு வருவார். பிரிட்டிஷ் காலத்தில் சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவரின் மனைவியாக 1801இல் இங்கே வந்தவர். 1807இல் இங்கேயே இறந்தார். அந்தச் சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பறவை ஓவியங்களை வரைந்தார், பலவற்றை உயிரளவிலேயே. பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த பறவைகளைப் பார்த்து வரைந்தார். அமெரிக்காவின் பறவை ஓவியர் ஆடுபன், பறவைகளைச் சுட்டு, கம்பியால் நிறுத்திவைத்து வரைந்தவர். அவருடைய புகழ்பெற்ற அச்சுப்படங்கள் வெளிவரத் தொடங்கியது 1827இல்தான். க்வில்லிமின் ஓவியங்கள் இப்போது கனடாவில், மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். இறகிலும் பாதத்திலும் அவர் காட்டிய பொறுமை எனக்கு வராது. இருந்தாலும் பிடிபட்ட பறவையின் விறைப்பு சில படங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பைனாகுலரும் பறவை பார்க்கக் கட்டிய கரையோரக் கோபுரமும் இருக்கும் காலத்தில் பிறந்தது நம் அதிர்ஷ்டம்.

புகைப்படமே கூடாது என்று சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன், விரல் எத்தனை, பட்டை எங்கே என்று சரிபார்க்க அது வேண்டும். நிலையை நோட்டிலிருந்து எடு, விவரத்தைப் படத்திலிருந்து எடு என்பது என் ஏற்பாடு. அடுத்தவர் எடுத்த படத்தை அனுமதியில்லாமல் பெயர்ப்பது திருட்டு, அதில் பேச ஒன்றுமில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போவதையும் தவிர்க்க வேண்டும். தாய் எழுந்து போனால் முட்டைக்குக் காகம் காத்திருக்கிறது, குஞ்சுக்கு வெயில் காத்திருக்கிறது.

தாளுக்குச் செலவழியுங்கள், தூரிகைக்குக்கூட அவ்வளவு வேண்டாம். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் பல படலங்களைத் தாங்கும், வழவழப்பான மேற்பரப்பு அலகுக்கும் கண்ணுக்கும் நல்லது. கறுப்பு டியூப் எனக்கு வேண்டியதில்லை. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் காகத்துக்கும் நீர்க்காகத்துக்கும் உயிருள்ள கறுப்பு கிடைக்கிறது. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளுக்கும், விற்கும் படத்தில் போடாதீர்கள். மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை வரும். ஓவியம் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள்.

வாங்க வருபவர்களிடம் பொறுமை வேண்டும். ஒரு விடுதி உரிமையாளர் பூநாரையும் மயிலும் இருவாச்சியும் ஒரே ஏரிக்கரையில் இருக்கும்படி கேட்டார். இருவாச்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் இருப்பது, பூநாரை உவர்நீரைத் தேடிப் போவது என்று சொல்லிப் பார்த்தேன். வரவேற்பறைக்குத்தானே என்றார். நான் மூன்று தனிப் படங்களாகத் தருகிறேன் என்றேன். விலை கேட்டுவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பறவையின் பெயர், இடம், மாதம், வேளை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதித் தருகிறேன். அதைப் படித்துவிட்டு, இதே மாதம் போனால் இந்தப் பறவையைப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏரியில் தண்ணீர் இருந்தால் பார்க்கலாம்.